முப்பத்தொரு மீட்டர்

பதிவேட்டில் இரு பக்கமும் நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
அளந்தால் இடதுபக்கம் சரி.
வலதுபக்கம் எண்பத்தொன்று.
நானும் குணதிலக்கவும் நாடாவைச் சுருட்டி
காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டு
திரும்ப அளந்தோம்.
எண்பத்தொன்றுதான்.
மானாப்புல் மூடும். தின்னாது.

வட்டகொடை தாண்டி இரண்டாவது வளைவு.
கோச்சி இங்கே ஒருநாளும் நின்றதில்லை,
பெட்டியைத்தான் கழற்றி விட்டுப்போகும்.
அதனால் இடத்துக்குப் பேர் பொட்டிமேடு.
இருபத்தேழில் ஆர்ட்வேல் தோட்டம்
காசு கட்டிப் போட்டுக்கொண்ட பாதை.
இங்கிருந்து தேயிலை, அங்கிருந்து அரிசி, உரம்,
ஒருதரம் துரைசாணிக்கு ஒரு பியானோ.
மூன்று நாள் அடைமழையில் அது பெட்டிக்குள்ளேயே நின்றது.
நாலாம் நாள் தோளில் ஏற்றி
பங்களாவுக்குக் கொண்டுபோன பன்னிரண்டு பேருக்கும்
பிந்திவிட்டார்களென்று அரைப்பேர்.

அப்புறம் லொறி வந்தது.
வழிமாற்றும் கம்பியில் துரு ஏறிற்று.
அச்சு முறிந்த ஒரு பெட்டி மட்டும், எண் 3318,
இழுத்துப்போக ஆளில்லாமல் கிடந்தது.

கோப்பில் அதற்குமேல் இருப்பது ஒரே செய்தி.
எழுபத்துநாலு மாசி தொடங்கி
பாயிண்ட்ஸ்காரர் டிங்கிரிபண்டா
கிழமைக்கொரு அறிக்கை அனுப்பியிருக்கிறார்:
பெட்டி காலி.
பெட்டி காலி.
அறுபத்துமூன்று தாள்.
ஒன்றில்கூடக் கையெழுத்து நடுங்கவில்லை.

அந்த அறுபத்துமூன்று கிழமையும்
காலிப் பெட்டிக்குள் மூக்காயி உலை வைத்தாள்,
உலையில் போட ஏதாவது இருந்த நாட்களில்.
தோட்டம் கைமாறியபோது லயத்திலிருந்து விரட்டினார்கள்.
காத்தமுத்து மரவள்ளி தேடிப் போய்
ராத்திரியில் திரும்புவான்.
டிங்கிரிபண்டா கைவிளக்கை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு
கடந்து போவார்.
ஒருதரம் மட்டும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை
வாசலில் வைத்துவிட்டுப் போனாராம்.
அது ரயில்வே மண்ணெண்ணெய்.
ஏதோ ஒரு கணக்கில் அதுவும் குறைந்திருக்கும்.
ஐப்பசியில் அங்கே ஒரு பெண்பிள்ளை பிறந்தது.

பிறந்த இடம்? என்று கேட்டார் பதிவுகாரர்.
எங்கள் செக்ரோலில் இல்லை என்றது தோட்டம்.
எங்கள் எல்லையில் இல்லை என்றார் கிராமசேவகர்.
ரயில்வேக்கு எழுதிக் கேட்டபோது
பதில் ஒழுங்காக, முத்திரையோடு வந்தது:
குறித்த காலத்தில் பெட்டி காலி.

ஒருவர் காப்பாற்றவென்று எழுதிய சொல்
இருபத்தொன்பது வருஷம்
அவளை இல்லையென்று சொல்லிக்கொண்டிருந்தது.

பவளக்கொடி இப்போது எங்களுக்குப் பிளேன்டீ கொண்டுவருகிறாள்.
கருப்பட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்துத் தருகிறாள்.
அடையாள அட்டை வந்தது இரண்டாயிரத்து மூன்றுக்குப் பிறகாம்.
பிறந்த இடம் என்ன போட்டார்கள் என்றேன்.
"நுவரெலியான்னு பொதுவாப் போட்டாங்க.
மாவட்டம் பெருசுதானே,
உள்ளுக்கு ஒரு பொட்டி இருந்துட்டுப் போகுது."

மிச்சத் தண்டவாளத்தையும் அவளே காட்டினாள், ஒளிக்காமல்.
பிரட்டுக்களத்தில் மணியாய்த் தொங்குவது ஒரு மீட்டர்.
பொடியன்கள் பந்தடிக்கும் மேட்டில் கோல்கம்பம் இரண்டு, ஐந்து மீட்டர்.
ஓடைக்குக் குறுக்கே பன்னிரண்டு.
அதன்மேல் பலகை அடித்து
பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள்.
மண்சரிவுக்குப் பிறகு
ஆறாம் லயத்துச் சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்பது பத்து.
மூன்று மீட்டருக்கு அவளுக்கும் கணக்குத் தெரியாது.

ஏலப் படிவத்தில் குறைவுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம்.
துரு. திருட்டு. வேறு.
குணதிலக்க பேனையை என் பக்கம் தள்ளினான்.
டிங்கிரிபண்டாவின் கை எப்படி நடுங்காமல் இருந்ததென்று
எனக்கு விளங்கவில்லை.
என்னுடையது நடுங்கியது.
பாவனையில் இல்லாத பாதை என்று தலைப்பிட்ட தாளில் எழுதினேன்:
இருபத்தெட்டு மீட்டர் பாவனையில் உண்டு.

மூன்று? என்றான் குணதிலக்க.
துரு என்று போட்டோம்.
மழை பிடிப்பதற்குள்
டிராலியைத் தள்ளவேண்டியிருந்தது.